கடிகாரத்தில் இன்னும் சனிக்கிழமை

கோல்டு கோஸ்ட்டில் போய் இறங்கிய அன்று காலை ஒன்பது மணிக்கு, விடுதி வாசலில் பெட்டியின் மேல் உட்கார்ந்தபடி நான் போட்ட கத்தலில், எதிர்வீட்டில் குரைத்துக்கொண்டிருந்த நாய் வாயை மூடிக்கொண்டது.

அறை இரண்டு மணிக்குத்தான் தயாராகும், பெட்டிகளை வேண்டுமானால் பின்னால் வைத்துவிட்டுப் போங்கள் என்று வரவேற்பில் இருந்த பெண் சொல்லியிருந்தாள். சரி, கொஞ்சம் காற்றாட உட்காரலாம் என்று வெளியே வந்தோம். நான், என் வீட்டுக்காரன் தெய்னாகி, எங்கள் மகள் தெபாயேரு. பதினாலு வயசுக்காரி சும்மா இருப்பாளா? என் கைப்பையைத் துழாவி, கேளிக்கைப் பூங்காவின் டிக்கெட்டுகளை எடுத்து ஐம்பதாவது தடவையாகப் படித்தாள்.

"அம்மா, இங்க இன்னிக்கு என்ன தேதி?"

"பதிமூணு."

"டிக்கெட்லயும் பதிமூணுதான் போட்டிருக்கு."

"பதினாலுடி. நாம போறது நாளைக்கு. திங்கக்கிழமை."

"பதிமூணு. ஞாயித்துக்கிழமை. கண்ணாடியப் போட்டுக்கிட்டு நீயே பாரு."

போட்டுக்கொண்டு பார்த்தேன். மூன்று டிக்கெட்டிலும் பதிமூன்றுதான். கீழே பொடி எழுத்தில், குறித்த நாளைத் தவிர வேறு நாளில் செல்லாது, மாற்றித் தரப்படாது என்று வேறு. டிக்கெட் வாங்கியது தெய்னாகி. அப்போதுதான் கத்தினேன்.

அவன் செய்த தப்பை எங்கள் ஊர்க்காரனைத் தவிர உலகத்தில் வேறு எவனும் செய்யமாட்டான். எங்கள் தீவு ஐட்டுடாக்கி, பசிபிக் கடலின் நடுவே. தேதிக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறோம். ஆஸ்திரேலியாவைவிட இருபது மணி நேரம் பின்னால். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரோடு ஃபோனில் பேசினால், முதலில் கேட்பது "உன் ஞாயிறா, என் ஞாயிறா?" என்பதுதான். ஒரு நாளைக் கூட்டுவதும் ஒரு நாளைக் கழிப்பதும் எங்களுக்கு மூச்சுவிடுகிற மாதிரி. அதிலும் தெய்னாகி எங்கள் விமான நிலையத்தில் தீயணைப்பு வேலையில் இருப்பவன். அவனுக்குத் தெரியாத தேதிக்கணக்கா?

"அக்கா திங்கக்கிழமைன்னு சொன்னா," என்றான் மெதுவாக. "அவங்க திங்கள் நமக்கு ஞாயிறு. நான் நம்ம ஊர்ல இருந்துதானே வாங்கறேன்னு..."

"ஒரு நாளைக் கழிச்சிட்ட."

"கழிச்சிட்டேன்."

"பூங்கா இங்கதானே இருக்கு? அதுக்கு எதுக்குடா கழிக்கணும்? பூங்காவை மூட்டை கட்டி நம்ம ஊருக்கா அனுப்பப்போறாங்க?"

கோபம் வந்தால் எனக்கு 'டா' வந்துவிடும். ஒரே வகுப்பில் படித்தவர்கள் நாங்கள்.

நாங்கள் வந்தது அவன் அக்கா தெவுயிராவின் மகனுக்கு முடி வெட்டும் சடங்குக்கு. பத்து வயதுவரை கத்தி படாத தலைமுடி. வரும் சனிக்கிழமை ஊரையே கூட்டி, ஒவ்வொருவரும் ஒரு கொத்து வெட்டப்போகிறோம். அந்தப் பிள்ளை உட்காரும் நாற்காலிக்கென்று நான் தைத்த பூவிரிப்புகளே இரண்டு பெட்டி. செவ்வாய் முதல் அக்கா வீட்டில் வேலை. கிழங்கு உரிக்கவும் மாலை கட்டவும் மண்டபம் ஜோடிக்கவும் கை போதாது. திங்கள் ஒரு நாள்தான் எங்களுக்கென்று இருந்தது. இப்போது டிக்கெட் ஞாயிற்றுக்கிழமைக்கு. இன்றைக்கு விட்டால் இந்த ஜென்மத்துக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் தெய்னாகிக்கு என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தீவில் ஞாயிறன்று கடலில் இறங்கினாலே முகம் சுளிப்பார்கள். ஞாயிறு விமானம் வர ஆரம்பித்தபோது, 'ஓய்வுநாளைக் கெடுக்காதே' என்று பலகை எழுதிக்கொண்டு விமான நிலைய வாசலில் போய் நின்றவர்களில் என் வீட்டுக்காரனும் ஒருவன். ஆறு நாள் உள்ளே தீயணைப்பு வண்டியைக் கழுவுவான். ஏழாம் நாள் வெளியே பலகையோடு நிற்பான். போன மே மாதம் தேவாலய சபையில் அவனை மூப்பனாக்கினார்கள். அதிலிருந்து வெள்ளை கோட்டுக்கு நான் கஞ்சி போடுகிற நாள்தான் கூடியது.

"ஞாயித்துக்கிழமை பூங்காவா? பேச்சே கிடையாது, உபோ."

என் முழுப்பெயர் உபோகோய்னா. உபோ என்று அவன் கூப்பிட்டால் முடிவெடுத்துவிட்டான் என்று அர்த்தம்.

"அப்பா!" என்றாள் தெபாயேரு.

"டிக்கெட் போனா போகுது. என் தப்பு. பத்தரைக்கு அக்கா சபையில ஆராதனை இருக்கு. அங்க போவோம்."

தெபாயேருவின் கண் நிறைந்துவிட்டது. என் கண்ணும்தான், ஆனால் அவளுக்காக என்று சொன்னால் பொய். எனக்காகத்தான். நாற்பத்திரண்டு வயது பொம்பளை, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், ராட்டினத்தில் ஏற வேண்டும் என்று அழுகிறாள். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பதிமூன்று வயதாக இருக்கும்போது எங்கள் வகுப்பை இதே ஊருக்கு, இதே பூங்காவுக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. காசு சேர்க்க ஒரு வருஷம் உல்லாசப் பயணிகளுக்கு முன்னால் ஆடினோம், அப்பம் சுட்டு விற்றோம். வகுப்பறைச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. 'நீலச் சுறா' என்ற ரயில் தலைகீழாகத் தொங்குகிறது. முன்வரிசையில் இரண்டே இருக்கை. இரண்டு பேர் வாயைப் பிளந்து அலறுகிறார்கள். பக்கத்து மேசைப் பையன் சொன்னான், "அதுல ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு." அந்தப் பையன் தெய்னாகி. கடைசி வாரம், நாங்கள் போய் இறங்கும் நாள் ஞாயிறு, அன்றைக்கே பூங்காவுக்குப் போவதாகத் திட்டம் என்று தெரிந்ததும், சபையில் ஒருவர் எழுந்து நின்று பயணத்தையே நிறுத்தினார். அவர் என் அப்பா. அதற்கப்புறம் இரண்டு மாதம் வகுப்பில் யாரும் என்னோடு பேசவில்லை, தெய்னாகியைத் தவிர.

அதே ஞாயிறு. அதே இறங்கும் நாள். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்; அவர் இடத்தில் நான் கட்டிக்கொண்டவன் நிற்கிறான்! எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டியை ஓர் உதை விட்டேன். விட்டதும் என் பார்வை அவன் மணிக்கட்டில் விழுந்தது.

அவனிடம் ஒரு பழைய எண் கடிகாரம் உண்டு. மணியோடு கிழமையும் காட்டும். வார் அறுந்து, மீன்பிடி நரம்பால் கட்டியிருப்பான். எங்கே போனாலும் அதில் ஊர் நேரத்தை மாற்றமாட்டான்.

"தெய்னாகி, காலையில ஆக்லாந்துல இருந்து எதுல வந்த?"

"விமானத்துல. ஏன்?"

"அங்க என்ன கிழமை?"

அவன் பெட்டியின் பூட்டைத் திருகினான்.

"ஞாயித்துக்கிழமை. ஞாயித்துக்கிழமை விமானத்துல ஏறி உட்கார்ந்து, ரெண்டு தடவை காப்பி வாங்கிக் குடிச்ச. பலகை பிடிச்ச கை. அப்ப எப்படி மனசு வந்துச்சு?"

"அது..." கழுத்தைச் சொறிந்தான். "கடிகாரத்தப் பாத்தேன். நம்ம ஊர்ல சனிக்கிழமைன்னு இருந்துச்சு."

"இப்பப் பாரு."

"உபோ..."

"பாருன்னா!"

பார்த்தான். மத்தியானம் மணி ஒன்று. சனி. தெபாயேரு விரல்விட்டு எண்ணினாள். "பூங்கா அஞ்சு மணிக்கு மூடிடும். அப்ப நம்ம ஊர்ல ராத்திரி ஒம்பது. அப்பவும் சனிக்கிழமைதான்பா! முழுசா சனிக்கிழமை!"

"அது மட்டுமா?" என்றேன். "இன்னிக்கு ராத்திரி எட்டு மணிக்கு நம்ம ஞாயிறு பிறக்குது. நாளைக்கு ராத்திரி எட்டுவரைக்கும் அடுப்பு பத்தவைக்கமாட்டேன், கடைக்குப் போகமாட்டேன். இங்க காலைல ஆறுன்னா அங்க பத்து; நம்ம சபை மணி அடிக்கும்போது சபைத் தொப்பியப் போட்டுக்கிட்டு உன் பக்கத்துல நின்னு பாடறேன். ஒரு நிமிஷம் குறையாது."

அவன் எழுந்து விடுதி வாசலில் இருந்த பூமரத்தை இரண்டு சுற்று சுற்றினான். கோபம் வந்தால் நான் கத்துவேன், இவன் மரத்தைச் சுற்றுவான். மூன்றாவது சுற்றில் ஃபோனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டான். நானும் தெபாயேருவும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

"அக்கா, ஆராதனைக்கு வரலை. எங்களுக்கு இன்னிக்கு சனிக்கிழமை."

அந்தப் பக்கம் என் நாத்தனார் சிரித்த சிரிப்பு மூன்று அடி தள்ளி நின்ற எங்களுக்கே கேட்டது.

"யாருடா பேசறது? என் தம்பியா? பலகைக்காரனா?"

"டிக்கெட் இன்னிக்குதான்க்கா. தப்பு பண்ணிட்டேன்."

"தப்பு பண்ணினியா, வேணும்னே பண்ணினியா? உன் பொண்டாட்டிக்கிட்ட ஃபோனக் குடு." ஃபோன் என் காதுக்கு வந்தது. "அடி உபோ, எப்படிடி மடக்கினே இவன?"

"நான் ஒண்ணும் பண்ணல அண்ணி. கடிகாரம்தான் பேசுச்சு."

"போங்கடி போங்க. நாளைக்கு உங்க ஞாயிறா? நல்லது. ஒரு வெங்காயம் உரிக்க உங்கள கூப்பிடமாட்டேன். ஆனா ஒண்ணு, சபையில கேட்டா நான் பொய் சொல்லமாட்டேன். உள்ளத உள்ளபடி சொல்லிடுவேன்."

உள்ளதை உள்ளபடி சொன்னாள், அதுவும் உடனே. நாங்கள் பெட்டிகளை உள்ளே தள்ளிவிட்டு, பேருந்தைப் பிடித்து, பூங்கா வாசலில் போய் நிற்பதற்குள் ஐட்டுடாக்கி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அங்கே சனிக்கிழமை மத்தியானம், எல்லோரும் சும்மா இருக்கும் நேரம். தெய்னாகியின் ஃபோன் துள்ளிக்கொண்டே இருந்தது. அவனோடு வண்டி கழுவும் பூனா அனுப்பியிருந்தான்: 'உன் பலகை ஷெட்ல சும்மாதான் சாத்தியிருக்கு. என் கோழிக்கூண்டுக்குக் கதவா வெச்சுக்கலாமா?'

தெபாயேரு விழுந்து விழுந்து சிரித்தாள். தெய்னாகி சிரிக்கவில்லை. ஃபோனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான். ஊரில் போய் அவன் சபைக்கு முன்னால் நிற்க வேண்டும், எனக்குத் தெரியும். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டோம். என்ன சொல்ல! தலைக்கு மேலே தண்டவாளம் நீலமாக வளைந்து வளைந்து போகிறது. திடீரென்று ஓர் இரைச்சல், முப்பது பேர் ஒரே குரலில் அலறிக்கொண்டு தலைகீழாகப் பறந்து போகிறார்கள். எங்கள் தீவிலேயே வேகமான விஷயம் மேட்டிலிருந்து இறங்கும் என் பேருந்துதான். என் கால் தரையில் பாவவில்லை. மகளை விட்டுவிட்டு நான் முன்னால் ஓடினேன்.

"அம்மா, மெதுவா! அது எங்கயும் ஓடிப்போகாது!"

"இருபத்தொம்பது வருஷமாச்சுடி, வா!"

முதலில் தெபாயேரு போய் வந்தாள். தலை கலைந்து, தொண்டை கட்டி, "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று குதித்தாள். அப்புறம் எங்கள் முறை. படியேறினால் வரிசை இரண்டாகப் பிரிகிறது. பின் இருக்கைகளுக்கு ஆளே இல்லை; முன்வரிசைக்கு மட்டும் நாற்பது நிமிஷம் நிற்க வேண்டும் என்று பலகை. முன்வரிசை வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த மனுஷனை இதற்குமேல் எவ்வளவுதான் இழுப்பது? பின்பக்கம் திரும்பினேன். தெய்னாகியோ முன்வரிசைக் கூட்டத்தின் வாலில் போய் நின்றான்.

"அங்க கூட்டம் அதிகம்," என்றேன்.

"நிக்கலாம்."

நின்றோம். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தான். சனி, சனி, சனி. அந்த எழுத்து மாறிவிடுமோ என்று பார்க்கிறானோ என்னவோ.

எங்கள் முறை வந்தபோது ஏற்றிவிடும் பெண் அவன் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். மீன்பிடி நரம்பைச் சுண்டினாள்.

"இது அறுந்து பறந்துடும் சார். பின்னால இருக்கறவங்க மூஞ்சில அடிச்சா வம்பு. கழட்டிட்டு ஏறுங்க."

தெய்னாகி மணிக்கட்டை மூடிக்கொண்டான். "இது இருக்கட்டுமே. இறுக்கமாத்தான் கட்டியிருக்கேன்."

"விதி சார். கழட்டுங்க, இல்லன்னா அந்தப் பக்கமா இறங்கிப் போயிடுங்க."

அவளுக்கு என்ன தெரியும்? அந்தக் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவன் இவ்வளவு தூரம் வந்தான். கழற்றினால் சுற்றிலும் ஞாயிற்றுக்கிழமை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். இவன் இறங்கிப் போய்விடுவான், போனால் நானும் இறங்கிவிடுவேன், தனியாக அந்த இருக்கை எனக்கு வேண்டாம் என்று அந்த நொடியில் முடிவே செய்துவிட்டேன்.

அவன் பல்லால் நரம்பைக் கடித்து அறுத்தான். கடிகாரத்தைக் கம்பிக்கு வெளியே நின்ற தெபாயேருவிடம் கொடுத்தான். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். தோளின் மேல் பாதுகாப்புக் கம்பி இறங்கிப் பூட்டிக்கொண்டது.

வண்டி டக், டக் என்று மேலே ஏறியது. கீழே பூங்கா சிறுத்தது; மரங்களுக்கு அப்பால் கட்டடங்கள், கட்டடங்களுக்கு அப்பால் கடல். எங்கள் கடலேதான், மறுபக்கத்திலிருந்து பார்க்கிறோம். உச்சியில் வண்டி நின்றது. முன்னால் தண்டவாளமே தெரியவில்லை, வெறும் ஆகாசம்.

"உபோ," என்றான் தெய்னாகி. "இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதான்."

"என்னது?"

"நீ என்ன கணக்கு போட்டாலும், நிக்கிற இடத்துல என்ன கிழமையோ அதுதான் கிழமை. விடுதி வாசல்லயே எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன்டா வந்த?"

"அதுல ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்குன்னு சொன்னது யாரு? எங்க அப்பனா சொன்னான்?"

மறக்கவே இல்லை! இருபத்தொன்பது வருஷம் ஒரு வார்த்தை பேசாமல், மறந்துவிட்டான் என்று என்னை நினைக்கவைத்துவிட்டு, இந்த ஆள்! அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நேரமும் இல்லை. வண்டி விழுந்தது.

நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. வயிறு ஓரிடம், நான் ஓரிடம். கடல் தலைக்கு மேலே வந்தது, ஆகாசம் காலுக்குக் கீழே போனது. பக்கத்தில் ஏதோ அடித்தொண்டையில் இடி மாதிரி ஒரு சத்தம். சபையில் பாட்டுக்கு நடுவே ஆண்கள் நெஞ்சிலிருந்து போடும் அந்த 'ஹூ! ஹூ!' தெய்னாகி ராகம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தான், தலைகீழாக, ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு 'ஹூ!' பின்னால் இருந்த பையன்கள் நாலு பேர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வண்டி நிற்கும்போது முழு ரயிலும் 'ஹூ!' போட்டது.

இறங்கினோம். அவன் முகத்தில் ரத்தமில்லை. தலைமுடி செங்குத்தாக நின்றது. என் கையை விடவே இல்லை. தெபாயேரு ஓடிவந்து கடிகாரத்தை நீட்டினாள்.

"அப்பா, பயப்படாதீங்க. நம்ம ஊர்ல இன்னும் சனிக்கிழமைதான், சாயங்காலம் அஞ்சேகால்!"

தெய்னாகி அதை வாங்கினான். கிழமையைப் பார்த்தான். கட்டிக்கொள்ளாமல் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான்.

"இங்க ஞாயித்துக்கிழமைமா," என்றான். என் கையைப் பிடித்தபடியே முன்வரிசைக் கூட்டத்தின் வாலில் மறுபடியும் போய் நின்றான்.